நான்கு கீயும் ஒரு குங்குமப் பொட்டும்

தம்பி,

நீ சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் இதை அடித்து முடித்து, உன் மேசைமேல் அந்த மரக்கட்டைக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் பேசினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியும். நீ வாயைத் திறப்பதற்குள் காபி வேண்டுமா, தோசை ஊற்றட்டுமா என்று அடுப்படிக்குள் ஓடிவிடுவேன். இத்தனை நாளும் அப்படித்தான் ஓடினேன். வேலைக்காக ஜெர்மனிக்குப் போகும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிக் கம்பெனியில் கேட்டிருக்கிறாய் என்று நேற்று உன் அப்பா சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லப்பா" என்றாயாம். அந்த ஒண்ணுமில்லை நான்தான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டு முன்னறையில் அப்போது வரிசையாக டைப்ரைட்டர்கள் இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் சாயங்காலம் வரைக்கும் தடதடவென்று சத்தம். பத்தாவது முடித்த பெண்கள், குரூப் தேர்வு எழுதும் பையன்கள், பட்டுக்கடையில் பில் போட ஆள் கேட்கிறார்கள் என்று ஓடிவரும் மருமகள்கள், எல்லாருக்கும் நான் சொன்ன முதல் பாடம் ஒன்றுதான்: கையைப் பார்க்காதே. கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். குனிந்து கீயைப் பார்ப்பவர்களின் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ துண்டுக்கு அடியில் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பாய், நான் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவேன், நீ "உன்கிட்ட படிக்கிறதுக்குப் பதிலா அப்பா கடையில காயில் சுத்தலாம்" என்று முறைத்துக்கொண்டு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய்விடுவாய். அங்கேயும் கொஞ்ச நேரம்தான். உன் அப்பாவின் பொறுமையும் என் பொறுமையும் ஒரே அளவு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டர்களைப் போட்ட இடத்தில் ஒரு மானிட்டரும் ஒரு பிரின்டரும் வைத்து, டி.டி.பி. என்று பலகை மாட்டினோம். கல்யாணப் பத்திரிகை, பட்டுக்கடை விலைப்பட்டியல், கோயில் உற்சவ நோட்டீஸ், எது வந்தாலும் அடித்தேன். எழுத்து பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசையிலேயே இருந்ததால் விரலுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு குறைதான். டைப்ரைட்டரில் கீ எதிர்த்து நிற்கும், நாம் அமுக்க வேண்டும், எழுத்து விழுந்தது விரலுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கீபோர்டோ நமத்துப்போன அப்பளம். அதனால் பழைய பழக்கத்தில் அடி வரைக்கும் ஓங்கிக் குத்துவேன். "இவ டைப் அடிக்கல, மாவு இடிக்கிறா" என்று உன் அப்பா வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கீபோர்டுகள் சீக்கிரம் சீக்கிரமாகச் செத்துப்போகும். மாற்றிக்கொண்டே இருப்போம்.

இந்த வருஷம் கோடை முடிந்த பிறகு ஒரு நாள், சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறைய நாமம், கையில் எப்போதும் மஞ்சப்பை. அவருடைய வியாக்கியானத்தை நான்தான் அடித்துக்கொடுக்கிறேன். அடித்த பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏம்மா, தப்பா நெனச்சுக்கப்படாது. இந்தப் பக்கத்துல நாலஞ்சு எடத்துல எழுத்து விட்டுப் போயிருக்கு. உங்க கையால அடிச்சுதுன்னா நான் ப்ரூஃபே பாக்கறதில்லையே, அதான் கேக்கறேன்." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பார்த்தேன். விட்டுப்போன எழுத்தெல்லாம் வலது கையின் இரண்டு விரலில் வருகிறவை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அமுக்கினேன் என்று நினைத்திருக்கிறேன், அமுங்கவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் அதே எழுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. வாய் தானாகச் சொன்னது: "கீபோர்டு பழசாயிடுச்சு சார். பையன்கிட்ட சொல்லி வேற வாங்கணும்."

பாவம், அந்தக் கீபோர்டு புதிது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ கம்பெனியில் செல்போன் கீ எல்லாம் அமுக்கிப் பார்த்துச் சோதிக்கிற வேலையில் இருப்பவன், கீபோர்டு என்றால் உனக்குப் பைத்தியம், இணையத்தில் உன்னைப் போன்ற பைத்தியங்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சும்மா ஒரு சாக்குக்குச் சொன்னதை நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்றுதான் தெரியவில்லை. "அம்மா, கடையில கிடைக்கிறதெல்லாம் ரப்பர்மா. ஒவ்வொரு கீக்கும் அடியில தனித்தனியா ஸ்விட்ச் வெச்ச கீபோர்டு இருக்குது. அத வாங்கிக்கலாம். எந்த ஸ்விட்சுன்றத மட்டும் நீ சொல்லு" என்றாய். ஜெர்மனிக்குப் போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்று செய்துவிட்டுப் போக வேண்டும் என்று உனக்கு ஆசை.

ஸ்விட்ச் பொருத்திய அந்த மரக்கட்டையை நீ கொண்டுவருவதற்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, நீ சாப்பிட உட்கார்ந்திருந்தாய், நான் தோசை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது நீ பிடித்துக்கொண்டாய். "அம்மா, வெரல்ல இன்னா கொப்பளம்? எப்ப சுட்டுக்கினே?" என்றாய். நான் "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது மட்டுமில்லை, இடது கையை விரித்துப் பார்த்தேன். கொப்புளம் இருந்தது நீ பிடித்திருந்த வலது கையில். ஆள்காட்டி விரல் நுனியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு நீர் கோத்திருந்தது. உடனே "ஓ இதுவா, காலையில கல்லு பட்டுடுச்சு, மறந்துட்டேன்" என்று சமாளித்தேன். சுட்டுக்கொண்டதை யாராவது மறப்பார்களா? நீ சட்னியைத் தொட்டுத் தொட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. நீ சாப்பிடாததைப் பார்த்து உனக்குக் காய்ச்சலோ என்று நான் கவலைப்பட்டேன். பார், என் புத்தி எங்கே போகிறது என்று.

மறுநாள் நீ லீவு போட்டுவிட்டுக் கட்டையோடு வந்து நின்றாய். தேக்குத் துண்டில் வரிசையாக நான்கு துளை, நான்கிலும் ஸ்விட்ச், மேலே எழுத்தில்லாத ஒரே மாதிரிக் கறுப்பு மூடி. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆயுத பூஜையன்றுதானா பொட்டு வைக்க வேண்டும்? துடைத்துவிட்டு, சந்தனம் தொட்டு, இடது மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். "அம்மா, இது கீபோர்டே இல்லம்மா, சாம்பிள்" என்று நீ சிரித்தாய். "சாம்பிளுக்கும் சாமி உண்டு" என்றேன். அப்புறம் நீ வாத்தியாராகவும் நான் மாணவியாகவும் ஆனோம். மூடிக்கு அடியில் இருக்கிற ஸ்விட்சின் நிறத்தை வைத்து, இடது பக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னாய். முதலாவது நீலம், அமுக்கினால் டிக் என்று சத்தம் போடும். இரண்டாவது கறுப்பு, மேடும் கிடையாது சத்தமும் கிடையாது, வழுக்கிக்கொண்டு நேராக இறங்கும். மூன்றாவது பழுப்பு, சத்தமில்லை, ஆனால் பாதி வழியில் ஒரு சின்ன மேடு. நான்காவது வெள்ளை, மேடு பெரிது, கொஞ்சம் கனமாக அமுக்க வேண்டும். "எனக்கு அந்த மேடுதாம்மா முக்கியம். மேட்டத் தாண்டினவுடனே எழுத்து விழுந்துடும். விரலுக்கே தெரிஞ்சுடும். அடி வரைக்கும் நீ குத்தவே தேவையில்ல, கையும் நோவாது" என்றாய்.

அமுக்கினேன். நீலம் டிக் என்றது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பழைய முன்னறைக்குள் போய் நின்றது போல இருந்தது. நான்காவது கனம், அது முழங்கை வரைக்கும் தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டில்தான் சிக்கல். கறுப்பை அமுக்கினேன், இறங்கியது. பழுப்பை அமுக்கினேன், இறங்கியது. திரும்ப அமுக்கினேன். இரண்டும் ஒன்றுதான். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "மூணாவதுல மேடு தெரியுதாமா?" என்றாய். தெரிகிறது என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது, வாத்தியார், அடுத்த அத்தியாயத்தோடு. அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். நீ கட்டையை என் பக்கம் தள்ளி, "இன்னொரு தபா பாத்துச் சொல்லுமா, சின்ன மேடு எதுல இருக்குது?" என்றாய். நான் கீழே பார்க்கவே இல்லை. பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கே இருக்கிறது? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் கொண்டுபோனேன், ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றாவதில் விரலை வைத்து அமுக்கினேன். "இதுதான்" என்றேன். "நல்லாத் தெரியுதா?" என்றாய். "ஜம்முனு தெரியுதுப்பா" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

கட்டையைச் சாமி அலமாரியில் வைக்கலாம் என்று எடுத்தேன். பொட்டு வலது மூலையில் இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. நான் இடது பக்கம்தானே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு புரிந்தபோது கட்டையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் வாசலுக்குப் போன நேரத்தில் நீ கட்டையை இடவலம் மாற்றித் திருப்பி வைத்திருக்கிறாய். நான் ஜம்மென்று தெரிகிறது என்று சொன்னது, இடம் மாறி மூன்றாவதாக வந்திருந்த கறுப்பு. மேடே இல்லாதது. பார்வை இருக்கிற யாரும் ஒரு கண் ஓட்டிப் பார்த்திருப்பார்கள், பொட்டு இடம் மாறியிருக்கிறதே என்று சுதாரித்திருப்பார்கள். விரல் இருக்கிற யாரும் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. டைப்பிஸ்ட்டுக்கு மூன்றாவது கீ எப்போதும் மூன்றாவது கீதான். இடத்தை நம்பியே வாழ்ந்தவள், இடத்தைச் சொன்னேன். உன்மேல் கோபம் வந்தது என்றால் நம்பு. பெற்றவளைச் சோதிக்கிறானே, ஸ்கேலை எடுத்து இரண்டு போடலாம் என்று இருந்தது. பிறகு நீ "சரிம்மா" என்ற குரல் காதில் வந்தது. கோபம் போய்விட்டது, பயம் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

பயம் என்றால் எந்தப் பயம் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. மரத்துப்போனது இரண்டு விரலோடு நிற்குமா, கை முழுக்கப் போகுமா என்று ஒரு பயம். மருத்துவரிடம் போனால் இனிமேல் அடிக்காதே என்பாரோ என்று ஒரு பயம். எனக்கு வேறென்ன தெரியும்? மாகறலில் உன் அப்பா வீட்டில் எல்லாரும் கழனி வேலை தெரிந்தவர்கள், நான் மருமகளாகப் போனபோது நாற்றுக்கட்டைத் தூக்கத் தெரியாமல் வரப்பில் விழுந்தவள். "இந்தப் பொண்ணு கைக்கு இன்னாதான் தெரியும்" என்று ஊரே சிரித்தது. அந்தக் கையால்தான் பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டைப் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கையே இப்போது எனக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. புடவைக் கொசுவம் பிடிக்கும்போது, பூ தொடுக்கும்போது, சில்லறை எடுக்கும்போதெல்லாம் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியாமல் திணறுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு நினைப்பு. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும் பாயசத்தை ருசி மட்டும் பார்க்கிறேன் என்று அரை டம்ளர் குடிக்கிறவள்தானே நான்.

நேற்று சாயங்காலம் உன் அப்பா கடையிலிருந்து வந்து, கையில் கிரீஸைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: "ஏம்மே, பையன் ஆபீசுல சொல்லி டிக்கெட்ட தள்ளிப் போடச் சொல்லிக்கினு இருக்கான். இன்னாடான்னா ஒண்ணுமில்லப்பான்றான். நீ எதனா சொன்னியா?" நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான், அதுதான் பிரச்சினையே. ஆனால் தம்பி, உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவர் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுப்படிக்குள் போய்ப் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிள்ளை போகமாட்டான், இங்கேயே இருப்பான் என்று மனசு குதித்தது. உனக்குக் கிடைத்த இடம் எப்படிப்பட்டது, அதற்காக எத்தனை நாள் கண் விழித்தாய், நீ போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோதுதான் சுயநினைவு வந்தது. என் விரல் மரத்ததுகூட எனக்கு அவ்வளவு பயமாக இல்லை, அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நீ நின்றுவிடுவாய். நான் ஒரு வார்த்தை பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும், அப்போதே அப்பாவைக் கூப்பிட்டு வலது கையை நீட்டினேன்.

அவர் முதலில் கிண்டல் செய்யத்தான் பார்த்தார். "இன்னா, ஜோசியமா?" என்றார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்று காலையில் கடையைத் திறக்கவில்லை, என்னை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனார், நீ ஏறிய பஸ் மறைந்ததுமே கிளம்பிவிட்டோம். டாக்டர் அம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, "பஞ்சால தொடுவேன், தெரிஞ்சா சொல்லுங்கம்மா" என்றார். இடது கையில் தொட்டார், சொன்னேன். வலது கை சுண்டுவிரல், சொன்னேன். மோதிர விரல், சொன்னேன். பிறகு நான் காத்துக்கொண்டே இருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்டது, வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். என்ன இவ்வளவு நேரம் என்று கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் ஆள்காட்டி விரல்மேல்தான் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்ததோ. உன் அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலண்டரில் அப்படி ஒன்றும் விசேஷமில்லை.

மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்கியிருக்கலாம் என்றார் டாக்டர், வருஷக்கணக்காக ஓங்கி அடித்தவர்களுக்கு வரும், சர்க்கரையும் சேர்ந்து கெடுத்திருக்கலாம். சென்னைக்குப் போய் நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்குச் சீட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். தேவைப்பட்டால் மணிக்கட்டில் சின்னதாகக் கீறிவிடுவார்களாம். உணர்ச்சி திரும்பி வருமா என்று கேட்டேன். "வரலாம்மா. இன்னும் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அந்த வரலாம் என்ற வார்த்தையைத்தான் காலையிலிருந்து கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். மெதுவாக, கம்மியாக அடிக்கலாம் என்றும் சொன்னார். அது எனக்குப் போதும். இதெல்லாம் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்கே தெரியவில்லை. பயம் குறையவில்லை. ஆனால் அது இப்போது ஒளிந்துகொண்டு இல்லை, வாசலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறது. அப்பா கூட வருவார். பரிசோதனைக்கும் அவர்தான் வருவார், நீ இல்லை.

நீ அங்கே போய்த் தனியாக இருக்கப்போகிறவன், நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யாருக்காவது ஏதோ சரியில்லை என்று உனக்குப் பட்டால், கட்டையைத் திருப்பி வைக்காதே. எதிரே உட்கார்ந்து, "உனக்கு இன்னா ஆச்சு?" என்று கேள். அவர்கள் ஓடுவார்கள், நான் ஓடியதைப் போலக் காபி போட ஓடுவார்கள். பின்னாலேயே போய் இன்னொரு முறை கேள். தெரிந்துகொண்ட பிறகு "சரிம்மா" என்று வெளியே போய்விடாதே. நீயும் என் பிள்ளைதான், உனக்கும் இந்த மறைக்கிற வியாதி இருக்கிறது. என் கைக்காக நிற்கிறேன் என்று சொல்லாமல் ஒண்ணுமில்லப்பா என்றவன்தானே நீ. அங்கே குளிரில் விரல் மரத்துப்போகும் என்கிறார்கள். கையுறை போட்டுக்கொள். போட்ட பிறகும் மரத்தால் குளிர் என்று சும்மா இருக்காதே, உடனே போய்க் காட்டு. நாள் முழுக்கக் கீ அமுக்குகிற பிழைப்பு உனக்கும்தான். வேலைக்கு நடுவில் எழுந்து கையை உதறு. நான் கையைப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தது டைப் அடிக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எந்த ஸ்விட்ச் என்று கேட்டாயே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டையை எடுத்து வைத்து, ஒவ்வொரு விரலாக, கீழே பார்த்துக்கொண்டே, பொய் சொல்லாமல் அமுக்கிப் பார்த்தேன். இடது கையில் எல்லா விரலுக்கும் பழுப்பின் மேடு தெரிகிறது. நீ சொன்னது சரிதான், பாதி வழியில் ஒரு அரிசிமேல் ஏறி இறங்குவது போல இருக்கிறது, அழகாக இருக்கிறது. இத்தனை நாள் இது தெரியாமலா அப்பளத்தைக் குத்திக்கொண்டிருந்தேன் என்று வருத்தமாகக்கூட இருந்தது. வலது கையில் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அதே மேடு தெரிகிறது. கட்டைவிரலுக்கு அரைகுறை, அது ஸ்பேஸ் மட்டும்தான், இடது கட்டைவிரலால் சமாளித்துக்கொள்வேன். வெள்ளை வேண்டாம். பெரிய மேடு என்பதால் அதாவது தெரியுமா என்று அந்த இரண்டு விரலாலும் அமுக்கிப் பார்த்தேன், கனம்தான் தெரிகிறது, மேடு தெரியவில்லை, டாக்டரும் அழுத்தி அடிக்கக் கூடாது என்கிறார். அதனால் கீபோர்டு முழுக்கப் பழுப்பு போடு. அந்த இரண்டு விரலுக்கு வருகிற கீக்கு மட்டும் நீலம் போட்டுவிடு. விரல் சொல்லாததைக் காது சொல்லட்டும். ஒரே கீபோர்டில் இரண்டு விதம் போட முடியுமா என்று தெரியவில்லை. நீதான் ஈயத்தை உருக்கி ஸ்விட்சை எடுத்து ஒட்டுவாயே, முடியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இங்கே உட்கார்ந்து அவசர அவசரமாகச் செய்யாதே. அங்கே போய், வேலையில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுமையாகச் செய். லீவுக்கு வரும்போது கையோடு எடுத்து வா. அதுவரைக்கும் இந்த நமத்த அப்பளத்தில் மெதுவாக அடித்துக்கொள்கிறேன். வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், "அதனாலென்னம்மா, நான் ப்ரூஃப் பாத்துக்கறேன், எனக்கும் பொழுது போகணுமோல்லியோ" என்றார். டிக்கெட்டை மாற்றச் சொன்ன ஆளுக்கு, இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணு. பிறகு அடுப்படிக்கு வா. நான் எங்கேயும் ஓடமாட்டேன். கேட்பதையெல்லாம் கேள்.

இந்தக் கடிதத்தைக் கையைப் பார்த்துக்கொண்டே அடித்திருக்கிறேன், என்னிடம் படித்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் துண்டை எடுத்துப் போர்த்தியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட முதல் வார்த்தைக்குத்தான் நேரமானது. தம்பி என்று அடிக்க ஆள்காட்டி விரலால் த, நடுவிரலால் ம. இரண்டும் அந்த விரல்கள். விழுந்ததா, விழுந்ததா என்று திரையைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். நீலம் போடும்போது அந்த இரண்டு கீயை முதலில் போடு. உன்னைக் கூப்பிடுவது எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா